பைடுவா, ஷியாவ்ஹோங்ஷுவா: சீன வாடிக்கையாளர் தேடும் இடம் எது?

சீனாவில் வாடிக்கையாளர் பிடிக்க நினைக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு முதலில் கிடைக்கும் ஆலோசனை இதுதான்: "அங்கே கூகுள் கிடையாது, பைடுவில் விளம்பரம் கொடுங்கள்." 2010 மார்ச்சில் கூகுள் தன் சீனத் தேடலை நிறுத்தி, வந்தவர்களை ஹாங்காங் தளத்துக்குத் திருப்பிவிட்டபோது இது சரியான ஆலோசனை. இன்றும் இதையே நம்பிப் பணத்தைக் கொட்டினால், யாரும் வராத வாசலில் கடை விரித்த கதையாகிவிடலாம். எல்லாத் தொழிலுக்கும் அப்படி என்று சொல்லவில்லை. எந்தத் தொழிலுக்கு எந்த வாசல் என்பதுதான் கேள்வி.

2024 இறுதிக் கணக்குப்படி சீனாவில் இணையம் பயன்படுத்துவோர் 110 கோடிக்கு மேல். ஏறக்குறைய எல்லோரும் கைபேசி வழியாகத்தான் வருகிறார்கள். இவர்களில் பெரும்பகுதியினர் மேசைக் கணினிக் காலத்தைப் பார்க்காமலே செயலிகளுக்குள் குடியேறியவர்கள். இணைய முகவரியைத் தட்டச்சு செய்வதைவிடக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்வதுதான் அவர்களுக்குப் பழக்கம். மின்னஞ்சல் அலுவலகக் காரியத்துக்கு மட்டும். வாரந்தோறும் மின்னஞ்சல் மடல் அனுப்பி வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் மேற்கத்திய உத்தி அங்கே ஏறக்குறைய செல்லாக்காசு.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. சீனாவின் பெருநிறுவனங்கள் தங்களைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டன. அலிபாபாவின் இணையக் கடைத்தளமான தாவ்பாவ் 2008-லேயே பைடுவின் தேடுபொறி தன் பக்கங்களைப் படிக்க முடியாதபடி தடுத்துவிட்டது. வீசாட் என்ற அரட்டைச் செயலிக்குள் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் பைடுவின் கண்ணில் படுவதில்லை. வீசாட்டில் ஒருவர் அனுப்பிய தாவ்பாவ் இணைப்பைத் தொட்டால் நேராகத் திறக்காது; பல ஆண்டுகள் இதே நிலைமை. 2021 செப்டம்பரில் தொழில்துறை அமைச்சகம் நிறுவனங்களை அழைத்துக் கண்டித்த பிறகே கதவு கொஞ்சம் திறந்தது. ஆகவே சீன இணையம் முழுவதையும் பார்க்கக்கூடிய தேடுபொறி என்று எதுவும் இல்லை. "தேடலில் முதலிடம்" என்றால் எந்த மதிலுக்குள் முதலிடம் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

முதலில் பைடு. ராபின் லீயும் எரிக் ஷூவும் 2000-ல் தொடங்கியது. 2005-ல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. விளம்பரமுறை கூகுள் அறிந்தவர்களுக்குப் பழகியதுதான்: தேடுசொல்லுக்கு ஏலம், சொடுக்குக்குக் கட்டணம், ஏலத்தொகையோடு விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்து வரிசை. ஆனால் விளம்பரம் அல்லாத முடிவுகளிலும் பைடு தன் வீட்டுப் பிள்ளைகளுக்கே முன்னிடம் தரும். பைக்கே என்ற கலைக்களஞ்சியம், ஜீதாவ் என்ற கேள்வி-பதில், தியேபா என்ற மன்றம், பைஜியாஹாவ் என்ற கட்டுரைத் தளம் ஆகியவை முதல் பக்கத்தில் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 2019 ஜனவரியில் இதைச் சாடி எழுதப்பட்ட ஒரு கட்டுரை நாடு முழுக்கப் பேசப்பட்டது. வெளிநாட்டு நிறுவனத்தின் சொந்த இணையதளம் முதல் பக்கத்துக்கு ஏறுவது மலையேற்றம். பைக்கேயில் நிறுவனத்தைப் பற்றிச் சரியான பதிவு ஒன்று இருப்பது அதைவிடப் பயன் தரும். பெயர் கேள்விப்பட்டவர் முதலில் படிப்பது அதைத்தான்.

பைடுவின் ஆழமான காயம் 2016-ல் பட்டது. அரிய வகைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட 21 வயது மாணவர் ஒருவர், பைடு தேடலில் மேலே வந்த மருத்துவமனையை நம்பிச் சென்றார். குடும்பம் 2 லட்சம் யுவானுக்கு மேல் செலவழித்தது. சிகிச்சை பலிக்கவில்லை. அவர் இறப்பதற்கு முன் தன் அனுபவத்தை இணையத்தில் எழுதிவைத்திருந்தார். அந்த மேலிடம் பணம் கொடுத்து வாங்கியது என்று தெரிந்தபோது நாடே கொதித்தது. அரசு விசாரணைக்குப் பின் ஒரு பக்கத்தில் விளம்பரம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பைடுவுக்கு உத்தரவு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல், கட்டணத் தேடல் முடிவும் விளம்பரம்தான், அதை அப்படியே அடையாளமிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. விதி மாறியது, மனத்தில் விழுந்த கீறல் ஆறவில்லை. பைடுவில் மேலே இருப்பதெல்லாம் காசு கொடுத்து வந்தது என்ற எண்ணம் இளையோரிடம் படிந்துவிட்டது. 2025-ன் இரண்டாம் காலாண்டில் பைடுவின் இணைய விளம்பர வருவாய் முந்தைய ஆண்டைவிட 15 சதவீதம் குறைந்தது. அதற்குக் காரணங்கள் பல. இதுவும் அவற்றில் சேர்த்தி என்பது என் எண்ணம்.

அதற்காகப் பைடுவைக் குப்பையில் போட முடியாது. தொழிற்சாலைக்கு வால்வு தேடும் கொள்முதல் மேலாளர், மகனை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் தந்தை, சட்டச் சிக்கலில் மாட்டியவர் போன்றோர் இன்னும் பைடுவில்தான் தேடத் தொடங்குகிறார்கள். விடை அழகாக இருக்க வேண்டியதில்லை, நிறுவனம் உண்மையில் இருக்கிறதா என்று தெரிந்தால் போதும் என்ற வகைத் தேடல் இது. இயந்திரமோ உதிரிபாகமோ விற்பவர் என்றால் நான் இன்றும் பைடுவையே முதலில் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: சீன மண்ணில் இணையதளத்தை வைக்க வேண்டுமானால் ஐசிபி எனப்படும் அரசின் இணையதளப் பதிவு தேவை, அதற்குச் சீனாவில் பதிவான அமைப்பு தேவை. பலர் இடைவழியாக ஹாங்காங் சர்வரில் வைக்கிறார்கள். அப்போதும் பக்கத்துக்குள் சீனாவில் தடைப்பட்ட யூடியூப் காணொளியும் கூகுள் வரைபடமும் செருகியிருந்தால் அந்த இடம் வெறுமையாகவே நிற்கும். சொடுக்குக்குப் பணம் கட்டி வெற்றுப் பக்கத்துக்கு ஆளை அழைத்து வருவதில் என்ன லாபம்?

அடுத்து ஷியாவ்ஹோங்ஷு, பயனர்கள் தங்கள் அனுபவங்களைப் படத்தோடு எழுதிப் பகிரும் செயலி. 2013-ல் ஷாங்காயில், வெளிநாட்டில் எதை வாங்கலாம் என்று சொல்லும் வழிகாட்டியாகத் தொடங்கியது. இன்று மாதம் 30 கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள். பெண்களும் பெருநகரத்து இளையோரும் அதிகம். 2025 ஜனவரியில் டிக்டாக்கில் இருந்து அமெரிக்கர்கள் கூட்டமாக வந்து இறங்கியபோது உலகம் இதன் பெயரைக் கேட்டது. ஆனால் அதன் உண்மையான பலம் தேடலில் இருக்கிறது.

எப்படி என்று பார்க்க ஒரு உதாரணம். இலங்கைக்குச் சீனப் பயணிகள் கணிசமாக வருகிறார்கள், 2018-ல் 2.65 லட்சத்துக்கு மேல். அங்கே தென்கரையில் உள்ள காலி நகரில் சிறு விடுதி நடத்தும் ஒருவர் அவர்களை எட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீன நகரமான செங்டுவில் இருக்கும் ஒரு பெண் பைடுவில் "இலங்கை" என்று தட்டினால் விசா விதி, கலைக்களஞ்சியப் பதிவு, பயண முகவர்களின் விளம்பரம் என்று வரும். ஷியாவ்ஹோங்ஷுவில் தட்டினால் கடலை ஒட்டி ஓடும் கொழும்பு ரயிலின் படம், எல்ல என்ற மலையூருக்குப் போகும் ரயிலில் எந்தப் பக்கம் அமர வேண்டும் என்ற குறிப்பு, ஒரு வார காலத்துக்கான திட்டம், எந்த விடுதிக்காரர் ஏமாற்றினார் என்ற புலம்பல் எல்லாம் வரும். அவர் அடுத்து என்ன தேடுவார் என்பதுதான் முக்கியம். பெயரோடு "நம்பலாமா", "எப்படி இருக்கிறது", "எதைத் தவிர்க்க வேண்டும்" என்ற வால்களைச் சேர்த்துத் தேடுவார். பதிவைவிடப் பின்னூட்டங்களை உன்னிப்பாகப் படிப்பார். பின்னூட்டத்தில் ஒரு பெயர் நீல நிறத்தில் தெரிந்தால் அதைத் தொட்டு மறு தேடலுக்குள் நுழைவார். அதாவது விளம்பரத்தை நம்பாத தலைமுறை, முகம் தெரியாத ஆயிரம் பேரின் குறைகளைப் படித்து முடிவெடுக்கிறது.

ஆகவே இங்கே தேடுசொல்லை ஏலத்தில் எடுப்பதைவிட, அந்தத் தேடலில் வரக்கூடிய பதிவுகள் இருப்பதுதான் வேலை. பின்தொடர்வோர் சில ஆயிரம் பேரே உள்ள எழுத்தாளர் எழுதிய நேர்மையான குறிப்பு, மாதங்கள் கழித்தும் தேடலில் தலைகாட்டும். பெரும் புகழ் கொண்ட ஒருவருக்கு அள்ளிக் கொடுப்பதைவிட, இப்படிச் சிறியவர்கள் பலரை அழைத்துத் தங்கவைப்பது காலி விடுதிக்காரருக்கு மலிவு. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படமும் காலை உணவின் விலையும் இருந்தால், அலங்காரச் சொற்கள் தேவைப்படாது.

குறைகளும் உண்டு. காசு வாங்கி எழுதிய போலிப் பதிவுகள் பெருகிப்போய், 2022 ஜனவரியில் அந்நிறுவனமே இடைத்தரகு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. 2023 மே முதல் நடப்பில் உள்ள இணைய விளம்பர விதிகளின்படி, அனுபவப் பகிர்வு போல எழுதி வாங்கும் இணைப்பையும் சேர்த்தால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். பதிவில் தொலைபேசி எண்ணோ வீசாட் முகவரியோ போட்டு ஆளை வெளியே இழுத்தால் பதிவு அமுக்கப்படும். மதில் இங்கேயும் இருக்கிறது.

இந்த இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி. வீசாட்டை இவற்றோடு ஒரே தட்டில் வைப்பது பிழை. 2011-ல் டென்சென்ட் தொடங்கிய அந்தச் செயலிக்குள் 130 கோடிக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதற்குள் தேடல் இருப்பதும் உண்மை. ஆனால் முன்பின் அறியாத நிறுவனத்தைத் தேடி யாரும் அங்கே போவதில்லை. ஏற்கெனவே பெயர் தெரிந்தவர்கள், அது நிஜம்தானா என்று சரிபார்க்கவே தேடுகிறார்கள். வீசாட்டின் வேலை கிடைத்த ஆளை விடாமல் வைத்திருப்பது. வெளிநாட்டு நிறுவனம் சேவைக் கணக்கு தொடங்கலாம். சரிபார்ப்புக்கு ஆண்டுக்கு 99 டாலர், மாதத்துக்கு நான்கு முறை செய்தி அனுப்பலாம். நான்கு போதுமா என்று முகம் சுளிப்பவர்கள், அந்த நான்கையும் உருப்படியாக எழுதிவிட்டுக் கேட்கட்டும். 2017-ல் வந்த மினி புரோகிராம், அதாவது வீசாட்டுக்குள்ளேயே இயங்கும் குட்டிச் செயலி வழியாக முன்பதிவும் பணமும் செயலியை விட்டு வெளியேறாமலே முடிந்துவிடும்.

டோயின், அதாவது டிக்டாக்கின் சீன உடன்பிறப்பு, 2016-ல் வந்தது. 2021 பிப்ரவரியில் அங்கே மாதம் 55 கோடிப் பேர் தேடலைப் பயன்படுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. பெரிய எண்தான். ஆனால் அந்தத் தேடலில் பெரும்பகுதி, காணொளி பார்த்து ஆசை பிறந்த பிறகு நடப்பது. அந்த ஆசையை உண்டாக்க ஓயாமல் காணொளி எடுக்க ஆள் வேண்டும், நேரலையில் விற்க வாய் வேண்டும், விளம்பரத்துக்குத் தொடர்ந்து பணம் வேண்டும். சிறிய வெளிநாட்டு நிறுவனத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தாவ்பாவும் அலிபாபாவின் இன்னொரு கடைத்தளமான டிமாலும் வேறு கதை: வாங்குவது என்று முடிவெடுத்தவர் பொருளின் பெயரை அங்கேயே தட்டிவிடுவார். தேயிலையோ அழகுப் பொருளோ விற்பவருக்கு அது தவிர்க்க முடியாத கடைசிப் படி. விடுதிக்காரருக்கு அந்த இடத்தில் சீட்ரிப் என்ற பயண முன்பதிவுத் தளம் நிற்கிறது.

எந்த வாசலைத் தேர்ந்தாலும் ஒரே சட்டம் காத்திருக்கிறது. 2015 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட விளம்பரச் சட்டம் "மிகச் சிறந்த", "மிக உயர்ந்த", "தேசியத் தரம்" போன்ற சொற்களைத் தடை செய்கிறது. அபராதம் 2 லட்சம் முதல் 10 லட்சம் யுவான் வரை. ஆங்கில விளம்பர வாசகத்தை அப்படியே சீனத்துக்கு மாற்றச் சொல்லும் மேலாளர்கள் இந்த ஒரு வரியை மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

பணம் குறைவாக இருந்தால் என் வரிசை இது. இயந்திரம், உதிரிபாகம் விற்பவர் பைடுவில் தொடங்கி, விசாரித்து வருபவரை வீசாட்டுக்கு அழைத்துப் போகட்டும். விடுதி, உணவு, தேயிலை, அழகுப் பொருள் என்றால் ஷியாவ்ஹோங்ஷு முதலில். பைடுவில் நிறுவனப் பெயரைத் தேடுபவருக்குச் சரியான பக்கம் கிடைக்கும் அளவுக்குச் செலவழித்தால் போதும். வெளிநாட்டுக் கல்வி மட்டும் இரண்டையும் கேட்கும் தொழில், ஏனென்றால் தந்தை பைடுவில் தேடுகிறார், மகள் ஷியாவ்ஹோங்ஷுவில் தேடுகிறாள். கட்டணம் கட்டுவது தந்தை. எந்த ஊர் என்று முடிவு செய்வது மகள்.

இந்த வரிசையும் நிலைத்து நிற்காது. 2025 தொடக்கத்தில் டீப்சீக் பரபரப்பான பிறகு, அந்தச் செயற்கை நுண்ணறிவை வீசாட் தன் தேடலில் சோதித்தது, பைடுவும் சேர்த்துக்கொண்டது. டோயினை நடத்தும் பைட்டான்ஸின் டோபாவ், டென்சென்டின் யுவான்பாவ் போன்ற உரையாடல் செயலிகளிடம் நேராகக் கேட்டுவிட்டு, தேடுபொறிப் பக்கமே போகாதவர்கள் கூடிவருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் பழைய மதில்கள் இங்கேயும் தொடர்கின்றன. வீசாட் பொதுக் கணக்குகளில் வந்த கட்டுரைகளை யுவான்பாவ் படித்து விடை சொல்கிறது. பிறருக்கு அந்தக் கதவு அப்படித் திறந்திருக்கவில்லை. ஆகவே விடுதியின் விலை, அறை எண்ணிக்கை, ரயில் நிலையத்தில் இருந்து தொலைவு போன்ற விவரங்களைப் படத்துக்குள் எழுத்தாகப் பதிக்காமல், கட்டுரையின் வாக்கியங்களாகவே எழுதிவைப்பது நல்லது.