எஸ்எஸ்எச் லாகின் ஆகவில்லையா? யூசர் பக்கம், சர்வர் லாக், டீபக் மோட்: எதில் தொடங்குவது?

"பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், உள்ளே விடமாட்டேங்குது." லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் யாருக்கும் இந்தப் புகார் வராமல் இருக்காது. வந்ததும் செய்யக்கூடியவை மூன்று. யூசரின் கணினியிலேயே எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) கட்டளையோடு -வி (விவரமாகக் காட்டச் சொல்லும் ஸ்விட்ச்) சேர்த்து ஓட்டச் சொல்லலாம். சர்வரில் லாகைத் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவை) திறந்து பார்க்கலாம். அல்லது சர்வரில் இன்னொரு போர்ட்டில் எஸ்எஸ்எச்டியை (சர்வர் பக்கத்து எஸ்எஸ்எச் நிரலை) டீபக் மோடில் (ஒவ்வொரு படியையும் திரையில் காட்டும் நிலையில்) ஓட்டி, யூசரை அந்த வழியாக வரச் சொல்லலாம்.

பலர் கைக்கு எட்டியதை முதலில் எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் யூசர் பக்கத்து -வி தான். என் கருத்து வேறு: முதலில் சர்வர் லாக். அதில் அந்த யூசரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் யூசர் பக்கம் போகலாம். லாகில் வரி இருக்கிறது, காரணம் மட்டும் புரியவில்லை என்றால் டீபக் மோட். இந்த வரிசையை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு மூன்றும் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

யூசர் பக்கத்தில் -வி

பாஸ்வேர்டைத் தவறாகப் போட்டவர், சர்வரில் கணக்கே இல்லாதவர், கணக்கு இருந்தும் அலவ்யூசர்ஸ் (யாரை உள்ளே விடலாம் என்ற) பட்டியலில் பெயர் இல்லாதவர் ஆகிய மூவருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் ஒரே பதிலைத்தான் தரும்: பெர்மிஷன் டினைடு. இது குறைபாடு அல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. எந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது, எதில் இல்லை என்று வெளியாள் ஒருவர் தட்டித் தட்டித் தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் -வி போதாது என்று -விவிவி போட்டாலும் சர்வர் சொல்லாத காரணம் திரையில் வந்துவிடாது. இதை மறந்துவிட்டு அந்த நீண்ட வெளியீட்டை வரிவரியாகப் படித்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

அப்படியானால் அது எதற்கு? கோரிக்கை எதுவரை போய் நின்றது என்று சொல்வதற்கு. 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்றால் வழியில் ஒரு ஃபயர்வால் விழுங்குகிறது, அல்லது முகவரியே தவறு. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை, அல்லது யாரோ மறுத்து அனுப்புகிறார்கள். மற்ற எல்லோருக்கும் லாகின் ஆகிறது, ஒருவருக்கு மட்டும் ரெஃப்யூஸ்டு வருகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது, திரும்பத் திரும்பத் தவறும் ஐபியைத் தடுக்கும் கருவியான ஃபெயில்2பேனை. ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) வழியாக அது தடை போடும்போது, வழக்கமான அமைப்பில் சும்மா விழுங்காமல் மறுப்பு அனுப்பும். எஸ்எஸ்எச்டியின் காதுக்கே செய்தி போகாததால் அதன் லாகில் ஒன்றும் இருக்காது. ஃபெயில்2பேனின் சொந்த லாகில்தான் அந்த ஐபி தடைசெய்யப்பட்ட வரி இருக்கும்.

பெர்மிஷன் டினைடு என்ற வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு பட்டியல் வருமே, அதைப் படிக்காமல் விடுபவர்கள் அதிகம். சர்வர் இன்னும் ஏற்கத் தயாராக இருக்கும் வழிகள் அவை. அதில் பப்ளிக்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் கீ கோப்பு காட்டி நுழைவது) மட்டும் இருந்தால் அந்த சர்வரில் பாஸ்வேர்டுக்கு இடமே இல்லை. யூசர் பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை.

யூசர் பக்கம்தான் சிறப்பாகப் பிடிக்கும் இன்னொரு கோளாறு உண்டு. 'டூ மெனி அத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்' என்று வரும், யூசரோ ஒரு தடவைகூட பாஸ்வேர்டு அடித்திருக்க மாட்டார். அவருடைய எஸ்எஸ்எச் ஏஜென்டில் (கீகளை வைத்திருந்து அவர் சார்பில் நீட்டும் நிரலில்) ஏழெட்டு கீ ஏற்றியிருக்கும். ஏஜென்ட் ஒவ்வொன்றாக நீட்டும். நீட்டும் ஒவ்வொரு கீயும் ஒரு முயற்சியாகக் கணக்காகும். சர்வரின் மேக்ஸ்ஆத்ட்ரைஸ் வரம்பு மாற்றாதவரை 6. சரியான கீயின் முறை வருவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிடும். -வி வெளியீட்டில் 'ஆஃபரிங் பப்ளிக் கீ' என்ற வரி வரிசையாக வருவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். யூசரின் கான்ஃபிக் கோப்பில் ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ் போட்டு, எந்தக் கீ என்று குறிப்பிட்டால் தீர்ந்தது.

விண்டோஸில் புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருள் வைத்திருப்பவரிடம் -வி கேட்டு அலைக்கழிக்க வேண்டாம். ஜன்னலின் தலைப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்தால் ஈவென்ட் லாக் இருக்கும், அதை அனுப்பச் சொன்னால் போதும்.

சர்வர் லாக்

காரணம் எழுதியிருக்கும் இடம் இதுதான். டெபியன், உபுண்டுவில் வார் லாக் கோப்பகத்தில் ஆத்.லாக், ரெட்ஹாட், ராக்கி, அல்மாவில் செக்யூர் என்ற கோப்பு. 2023இல் வந்த டெபியன் 12இல் ஆர்சிஸ்லாக் (லாகைக் கோப்பில் எழுதும் நிரல்) தானாக நிறுவப்படுவதில்லை. அதனால் புதிய சர்வரில் ஆத்.லாக் கோப்பைத் தேடிக் காணாமல் 'லாகே பதிவாகவில்லை' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எல்லாம் ஜர்னலில் (சிஸ்டம்டி வைத்திருக்கும் பதிவில்) இருக்கிறது, ஜர்னல்சிடிஎல் மூலம் பார்க்க வேண்டும். சேவையின் பெயர் டெபியன் பக்கம் எஸ்எஸ்எச், ரெட்ஹாட் பக்கம் எஸ்எஸ்எச்டி. -எஃப் போட்டு லாகை ஓடவிட்டு, யூசரிடம் "இப்போ ஒரு தடவை ட்ரை பண்ணுங்க" என்று போனில் சொல்வதைப் போல வேகமான வழி வேறில்லை.

ஒரே கோளாறு இரு பக்கமும் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். டெப்ளாய் என்ற கணக்கு, கீ சரியாக ஏற்றப்பட்டிருக்கிறது. யூசர் திரையில்: பெர்மிஷன் டினைடு, அடைப்புக்குறிக்குள் பப்ளிக்கீ. அவ்வளவுதான். சர்வர் லாகில்: 'அத்தென்டிகேஷன் ரெஃப்யூஸ்டு: பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி /ஹோம்/டெப்ளாய்'.

அந்த ஒரு வரியில் எல்லாமே இருக்கிறது. கீயில் பிழையில்லை. யாரோ ஒருவர் ஃபைல் அப்லோடு ஆகவில்லை என்று ஹோம் கோப்பகத்துக்கு 777 (யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி) கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் (இந்த அனுமதிகளைச் சோதிக்கும் ஏற்பாடு) இயல்பாகவே இயங்கிக்கொண்டிருப்பதால், குழுவோ மற்றவர்களோ எழுதக்கூடிய இடத்தில் இருக்கும் கீ கோப்பை எஸ்எஸ்எச்டி நம்பாது. நியாயம்தான்: அங்கே எழுத முடிந்தவர் தன் கீயையும் சேர்த்துவிட முடியுமே. எல்லோரும் டாட் எஸ்எஸ்எச் கோப்பகத்துக்கு 700, உள்ளே ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்புக்கு 600 என்று சரிபார்ப்பார்கள். அதற்கு மேலே இருக்கும் ஹோம் கோப்பகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதற்கு 755 அல்லது 750 கொடுத்தால் சரியாகிவிடும். ஸ்ட்ரிக்ட்மோட்ஸை நிறுத்திவிட்டுத் தப்பிக்காதீர்கள்.

லாகில் 'இன்வாலிட் யூசர்' என்று இருந்தால் பெரும்பாலும் பெயரில் எழுத்துப்பிழை, அல்லது அப்படி ஒரு கணக்கே இல்லை. அலவ்யூசர்ஸ் பட்டியலில் இல்லை என்றால் அதையும் பச்சையாகச் சொல்லிவிடும். 'சிக்னேச்சர் அல்காரிதம் எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ' ஏற்கப்படவில்லை என்ற வரிக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் தேவை. 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, எஸ்எச்ஏ-1 (பழைய, பலவீனமான ஹாஷ் முறை) கொண்டு போடும் ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பில் நிறுத்திவிட்டது. உபுண்டு 22.04இல் இருப்பது 8.9. சர்வரை அதற்கு அப்கிரேடு செய்த மறுநாள் பழைய கருவிகள் வைத்திருப்பவர்கள் வரிசையாக வெளியே நிற்பார்கள். 'ஆர்எஸ்ஏ கீ இனி செல்லாது' என்று பலரும் புரிந்துகொண்டது தவறு. அதே கீயை எஸ்எச்ஏ-2 முறையில் கையொப்பமிடத் தெரிந்த புதிய கிளையன்ட் எடுத்துக்கொண்டு வந்தால் சர்வர் ஏற்கும். கிளையன்டைப் புதுப்பியுங்கள், முடியாத இடத்தில், அந்தக் கிளையன்ட் ஆதரித்தால், இடி25519 கீ போடுங்கள்.

"பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன்" என்பது முழு உண்மையாக இருக்கும் இடமும் உண்டு. ரெட்ஹாட் வகை சர்வர்களில் பாம்_ஃபெயில்லாக் (தவறான முயற்சிகளை எண்ணிக் கணக்கைப் பூட்டும் பகுதி) இயக்கப்பட்டிருந்தால், தானாக உள்ள அளவு 3 தவறுக்குப் பூட்டு, 600 விநாடிக்குத் திறக்காது. நான்காவது தடவை சரியாக அடித்தாலும் மறுப்புதான். ஃபெயில்லாக் கட்டளைக்கு யூசர் பெயர் கொடுத்துப் பார்த்தால் எப்போது, எங்கிருந்து தவறியது என்று வரும். ரீசெட் போட்டால் பூட்டு திறக்கும். ரெட்ஹாட் 8 முதல் இதே வேலையைச் செய்த பழைய பாம்_டேலி2 இல்லை, ஆகவே பழைய குறிப்புகளைப் பார்த்து அதைத் தேட வேண்டாம்.

சர்வர் லாகுக்கும் குறை உண்டு. லாக்லெவல் இயல்பான இன்ஃபோவில் இருந்தால், யூசர் நீட்டித் தோற்ற கீ எது என்று எழுதாது. வெர்போஸ் ஆக்கினால் கீயின் கைரேகை (ஃபிங்கர்பிரின்ட், கீயை அடையாளம் காட்டும் குறியீடு) பதிவாகும், யூசரிடம் இருக்கும் கீயோடு ஒப்பிட்டுவிடலாம். இதைப் பிரச்சினை வந்தபின் அல்ல, சர்வர் அமைக்கும் நாளிலேயே செய்துவிட வேண்டும். அதற்கு மேலே டீபக் அளவுக்கு நிரந்தரமாக ஏற்றிவைப்பது தவறு. யூசர்களின் அந்தரங்கத்தை மீறும் என்று ஓப்பன்எஸ்எஸ்எச் கையேடே எச்சரிக்கிறது.

2024 ஜூலையில் வந்த 9.8 இரண்டு விஷயங்களை மாற்றியது. லாகின் வேலையைச் செய்யும் பகுதி எஸ்எஸ்எச்டி-செஷன் என்று தனியே பிரிந்தது. எஸ்எஸ்எச்டி என்ற ப்ராசஸ் பெயரை மட்டும் பிடித்து வடிகட்டும் பழைய ஸ்கிரிப்டுகளுக்கு லாக் காலியாகத் தெரியலாம். இன்னொன்று, திரும்பத் திரும்பத் தவறும் ஐபி முகவரிக்குக் கொஞ்ச நேரம் தண்டனை கொடுக்கும் ஏற்பாடு. ஒரே பொது ஐபியின் பின்னால் இருக்கும் அலுவலகத்தில் ஒருவரின் பழைய ஸ்கிரிப்ட் தவறான பாஸ்வேர்டோடு மோதிக்கொண்டிருந்தால், பக்கத்து மேசைக்காரருக்கும் கதவு சாத்தப்படும். லாகில் 'பெனால்ட்டி' என்ற சொல்லைத் தேடுங்கள்.

டீபக் மோட்

எஸ்எஸ்எச்டியை அதன் முழுப் பாதையோடு, -டி (ஆங்கிலச் சின்ன எழுத்து d) -பி 2222 என்று ஓட்டினால், திரையிலேயே எல்லாம் கொட்டும்: எந்தக் கீ கோப்பைத் திறந்தது, கான்ஃபிக்கின் மேட்ச் (குறிப்பிட்ட யூசருக்கோ ஐபிக்கோ மட்டுமான விதி) பகுதியில் எது பொருந்தியது, பாம் (லினக்ஸின் லாகின் சோதனை அமைப்பு) எந்த இடத்தில் மறுத்தது. ஒரு இணைப்பைக் கவனித்துவிட்டு நின்றுவிடும், மீண்டும் ஓட்ட வேண்டும். போர்ட் 22இல் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யாது. இவ்வளவு விவரம் மற்ற இரண்டிலும் கிடைக்காது.

அப்படியும் இதை ஏன் கடைசியில் வைக்கிறேன்? 2222 வெளியிலிருந்து எட்டும்படி ஃபயர்வாலில் வழிவிட வேண்டும் என்பது சிறிய காரணம். பெரிய காரணம், அது சோதிப்பது வேறொரு எஸ்எஸ்எச்டியை. ரூட் ஷெல்லில் கையால் ஓட்டியது எஸ்ஈலினக்ஸின் (எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு) கட்டுப்பாடு இல்லாமல் ஓடும். சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி ஓட்டுவது கட்டுப்பாட்டுக்குள் ஓடும். ஹோம் கோப்பகங்களை வேறு டிஸ்குக்கு, உதாரணமாக /டேட்டாவுக்கு, நகர்த்தியபின் எஸ்ஈலினக்ஸ் லேபிள் மாறியிருந்தால், டீபக் மோடில் லாகின் ஜோராக நடக்கும், போர்ட் 22இல் மறுக்கும். தெரியாதவர்கள் இங்கேதான் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். தெரிந்தவருக்கு அந்த வேறுபாடே துப்பு: 2222இல் ஆகிறது, 22இல் ஆகவில்லை என்றால் ஆசர்ச் கட்டளையில் ஏவிசி மறுப்புகளை (எஸ்ஈலினக்ஸ் தடுத்தவற்றின் பதிவை) பாருங்கள். புதிய இடத்தை ஹோம் போலவே நடத்தும்படி செமேனேஜ் கட்டளையில் சொல்லிவிட்டு, லேபிளைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள். வெறும் ரெஸ்டோர்கான் போதாது, அந்தப் புதிய பாதை அதற்குத் தெரியாது.

டீபக் மோடுக்குப் போகுமுன் பார்க்க வேண்டியது ஒன்று: எஸ்எஸ்எச்டிக்கு கேப்பிடல் எழுத்தில் வரும் -டி (T) ஸ்விட்ச் ஒன்று உண்டு. நடைமுறையில் இருக்கும் அமைப்பு முழுவதையும் அச்சடிக்கும். ஓர் உதாரணத்துக்கே அது தகும். க்ளவுட் சர்வரில் பிரதான கான்ஃபிக் கோப்பின் அடியில் பாஸ்வேர்ட்அத்தென்டிகேஷன் யெஸ் என்று எழுதி ரீஸ்டார்ட் செய்கிறார்கள், பயனில்லை. காரணம், எஸ்எஸ்எச்டி முதலில் கண்ட மதிப்பையே எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் கோப்பின் மேற்பகுதியிலேயே துணைக் கோப்புகளைச் சேர்க்கும் வரி இருக்கிறது. அங்கே க்ளவுட்-இனிட் (க்ளவுட் சர்வரை முதல் தடவை அமைத்துத் தரும் நிரல்) வைத்த 50 என்று தொடங்கும் கோப்பு ஏற்கெனவே 'நோ' சொல்லியிருக்கும். உண்மையில் எது நடப்பில் இருக்கிறது என்பது அந்த அச்சில் ஒரே நொடியில் தெரியும். (பாஸ்வேர்டைத் திறப்பதைவிடக் கீ ஏற்றுவதே நல்லது என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியவில்லை.)

எந்த வழியில் காரணம் கிடைத்தாலும், திருத்தியபின் ரீஸ்டார்ட் கொடுக்குமுன் சின்ன எழுத்து -டி (t) ஸ்விட்சில் கான்ஃபிக்கைச் சோதியுங்கள், இருக்கும் ஒரு செஷனை மூடாமல் வைத்திருங்கள். ரீஸ்டார்ட் ஆனாலும் அந்த செஷன் அறுந்துபோகாது. புதிய ஜன்னலில் லாகின் ஆன பிறகே பழையதை மூடலாம். எல்லாம் போய்விட்டால் மிஞ்சுவது சர்வர் கொடுத்தவரின் கன்சோல். அங்கே கீ செல்லாது, பாஸ்வேர்டுதான் கேட்கும். கீ மட்டும் வைத்து அமைத்த சர்வரில் பெரும்பாலும் எந்தக் கணக்குக்கும் பாஸ்வேர்டே இருக்காது. ஆகவே நீளமான பாஸ்வேர்டு ஒன்றை ஒரு நிர்வாகக் கணக்குக்குப் போட்டு, கன்சோலில் அதை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடுங்கள்.