வாட்ஸ்அப் பேச்சா, தளத்தின் ஒப்பந்தமா, கையெழுத்திட்ட தாளா? மெய்நிகர் உதவியாளருக்கு எது காப்பு

வீட்டிலிருந்தபடியே பிறருடைய மின்னஞ்சல், நாட்காட்டி, இன்வாய்ஸ், சமூக ஊடகப் பக்கங்கள் ஆகியவற்றைக் கவனித்துக் கொடுக்கும் ஃப்ரீலான்ஸ் மெய்நிகர் உதவியாளர், வாடிக்கையாளரோடு உடன்பாடு செய்துகொள்ள மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. வாட்ஸ்அப்பில் பேசி முடிப்பது ஒன்று. ஃப்ரீலான்ஸர்களையும் வாடிக்கையாளர்களையும் இணைக்கும் அப்வொர்க் போன்ற இணையத் தளத்தின் விதிகளுக்குள் வேலை செய்வது மற்றொன்று. இருவரும் கையெழுத்திடும் தனி ஒப்பந்தம் மூன்றாவது.

வாட்ஸ்அப் பேச்சுக்குச் சட்ட மதிப்பே இல்லை என்ற எண்ணம் தவறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி உடன்பாடும் செல்லத்தக்கதே. மின்னணு வடிவில் அமைந்தது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு கூறுகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ‘இன்ஸ்டாகிராமையும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வாடிக்கையாளர் ஒரு வரி அனுப்பினால், அதில் பதிவிடுவது மட்டும் அடங்குமா, படம் வடிவமைப்பதும் இரவில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் சேருமா என்பதை யாரும் சொல்லவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் வந்த குரல் பதிவுகளுக்குள் அதைத் தேட நேர்ந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். பேசி முடித்த அன்றே, பேசியதைப் பத்து வரிகளில் மின்னஞ்சலாக எழுதி, ‘சரி’ என்ற பதிலைப் பெற்றுக்கொண்டால் இக்குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அப்வொர்க் தளத்தின் பலம் பணத்தைப் பாதுகாப்பதில் உள்ளது. நிலைத்த கட்டண வேலையில் வாடிக்கையாளர் முதலிலேயே தொகையை எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் இடைக்கணக்கில், வைக்க வேண்டும். வேலையை ஒப்படைத்த பின் 14 நாட்கள் அவர் பதிலளிக்காவிட்டால் தொகை தானாக விடுவிக்கப்படும். மணிக்கணக்கு வேலையிலும் பாதுகாப்பு உண்டு என்றாலும், அது தளத்தின் செயலி ஸ்கிரீன்ஷாட்டுடன் பதிவுசெய்த நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். நாமாகக் கையால் சேர்க்கும் நேரத்துக்குப் பொருந்தாது. மெய்நிகர் உதவியாளரின் வேலையில் கணிசமான பகுதி தொலைபேசியிலும் காத்திருப்பதிலும் கழிவதால், இது சிறிய ஓட்டையன்று. தளம் தனக்கான கட்டணத்தைப் பிடித்துக்கொள்வதோடு, அங்கே அறிமுகமான வாடிக்கையாளரோடு இரண்டு ஆண்டுகளுக்கு, விலகல் கட்டணம் செலுத்தாமல், தளத்துக்கு வெளியே பணப் பரிமாற்றம் செய்யவும் தடை விதிக்கிறது.

தனி ஒப்பந்தமே மற்ற இரண்டும் விட்டுவைத்த இடங்களை நிரப்புகிறது. நேரத்தை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கின் காலை 9 மணி, அங்கே கோடைக்காலத்தில் நமக்கு மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பின் 7.30. ‘அவர்களுடைய காலை 9 மணி’ என்று எழுதுவதா, ‘இந்திய நேரம் மாலை 6.30’ என்று எழுதுவதா என்ற ஒரே தேர்வு, நான்கு மாதங்களுக்கு மேலாக உங்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிக்கும். வாடிக்கையாளர் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவரானால், அவருடைய வாடிக்கையாளர் தரவுகளை நீங்கள் கையாள, அங்குள்ள தரவுப் பாதுகாப்பு விதியின் 28ஆம் பிரிவே எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. ஆகவே ஒப்பந்தம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை, தேவை அவருக்கும்தான்.

ஆனால் கையெழுத்து பணத்தைக் கொண்டுவந்து சேர்க்காது. சில நூறு டாலருக்காக டெக்சாஸில் வழக்குத் தொடுக்க எவராலும் இயலாது என்பதால், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவையும் விட மாதத் தொடக்கத்தில் பெறும் முன்பணமே வலிமையானது. உள்நாட்டில் நிலைமை வேறு. உத்யம் என்ற அரசுத் தளத்தில் பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்பவருக்கு, எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டிருந்தாலும், வேலையை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டம் வரையறுக்கிறது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. அந்தப் பதிவுக்குக் கட்டணமும் இல்லை.

எனவே, முன்பின் அறியாத வெளிநாட்டவருடன் முதல் வேலையைத் தளத்தில் தொடங்குவதையும், ஓரிரு நாள் வேலைகளுக்கு உறுதிசெய்த மின்னஞ்சலையும், மாதாமாதம் தொடரும் வேலைக்குத் தனி ஒப்பந்தத்தையும் தேர்வேன். அந்தத் தனி ஒப்பந்தத்தில் பலரும் மறந்துவிடும் வரி ஒன்று உண்டு: வேலை முடியும் நாளில் எல்லாக் கடவுச்சொற்களையும் வாடிக்கையாளர் மாற்றிவிட்டு, மாற்றியதை மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் கையில் இருந்தால், பிறகு அவருடைய கணக்கில் என்ன நடந்தாலும் சந்தேகம் உங்கள் பக்கம் திரும்பாது.