அமீன் கரைசலா, நுண்துளைப் பாலிமரா?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலைப் புகைபோக்கியைப் பார்க்கும்போதெல்லாம் இதே கேள்விதான்: அந்தப் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிரிக்க எது தோது?

அமீன், அதாவது அம்மோனியா வழி வந்த நைட்ரஜன் சேர்மம், பழைய கை. 1930-லேயே காப்புரிமை பெற்ற முறை. தண்ணீரில் சுமார் 30 சதவீதம் கலந்த மோனோஎத்தனாலமைன் என்ற அமீன், வாயுவை வேதிப்பிணைப்பாகப் பிடித்துக்கொள்ளும். விடுவிக்க, கரைசலை 120 டிகிரி வரை சூடாக்க வேண்டும். தண்ணீரும் சேர்ந்து சூடாகிறதே, செலவு அங்கேதான். இரும்பையும் அரிக்கும்.

நுண்துளைப் பாலிமரோ உள்ளெல்லாம் மிகச் சிறிய துளைகள் கொண்ட, பிளாஸ்டிக் இனத்துத் திடப்பொருள். 2009-இல் வெளிவந்த பிஏஎஃப்-1 என்ற வகையில் ஒரு கிராமுக்குள் சுமார் 5,600 சதுர மீட்டர் பரப்பு. நம் தோட்டக் கணக்கில் ஒன்றேகால் ஏக்கருக்கு மேல்! ஆனால் பரப்பு மட்டும் போதாது. புகையில் கரியமில வாயு கொஞ்சம்தான். அதை இழுக்கத் துளைச்சுவரில் நைட்ரஜன் தொகுதிகள் இருந்தால் நல்லது. லேசாக ஒட்டுவதால் அழுத்தத்தைக் குறைத்தாலே வாயு வெளியேறும். துளைக்குள் கோபால்ட் போன்ற வினையூக்கி இருந்தால், எப்பாக்சைடு என்ற எளிதில் வினைபுரியும் சேர்மத்தோடு சேர்த்து அங்கேயே வளையக் கார்பனேட் என்ற பொருளாக மாற்றலாம். அது பேட்டரிக்குள் அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளிக்கு உதவும். அமீனுக்கு இந்த வித்தை தெரியாது.

ஈரம்தான் தொல்லை. ஆலையில் செம்பனை நார் எரித்த புகையில் நீராவி உண்டு. அதே நைட்ரஜன் தொகுதிகள் அதையும் அழைத்துக்கொள்ளும். பழம் அவிக்கிற ஆலையில் சூட்டுக்குப் பஞ்சமில்லை என்பதால், இன்றைக்கு நான் அமீன் பக்கம்.