மர வள்ளமா, பைபர் போட்டா: முல்லைத்தீவுக் கரையில் பாய் விரிக்க எது சரி?

நானும் மச்சானும் சேர்ந்து வாங்கியது பாய் கட்டிய மர வள்ளம். அதனால் இந்த அலசல் மரத்தின் பக்கம்தான் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலுக்குப் போகிறவருக்கு எது நல்லது என்பது வேறு கதை. நான் பேசுவது தென்மேற்குக் காற்று வீசுகிற சோளகக் காலத்தில் முல்லைத்தீவிலிருந்து சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு என்று கரையை ஒட்டியே கொக்கிளாய் வரை போய்த் தங்கி வருகிற பயணத்தைப் பற்றி.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேகம் வேண்டுமென்றால் பைபர், அதில் பேச்சே இல்லை. எடை குறைவு, கரையேற்றுவதும் சுலபம். விற்கப் போனாலும் பைபருக்கு உடனே ஆள் வரும். மர வள்ளத்துக்கு அதை விரும்புகிற ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பதிவு, அனுமதி என்று அலைகிற அலைச்சல் இரண்டுக்கும் உண்டு.

இனிப் பாய். நம் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது, சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது, அதாவது தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. அதனால் கரைக்குக் கிட்ட அலை பெரிதாக எழும்பாது, காற்று மட்டும் பக்கவாட்டில் கிடைக்கும், போகும்போதும் அதே காற்று, வரும்போதும் அதே காற்று. பாய்க்கு இதைவிட நல்ல கடல் வேண்டியதில்லை. ஆனால் அதே காற்றுதான் வள்ளத்தை வெளிக்கடலுக்குத் தள்ளப் பார்க்கும். அடி கனத்து, ஏரா (அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு மரம்) கீழே இறங்கியிருக்கிற மர வள்ளம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். இங்கே ஓடுகிற பைபர் போட்டுகள் எஞ்சினுக்காக வார்த்தவை; அதில் பாய் கட்டினால் பக்கமாக வழுக்கிக்கொண்டே போகும். தெரிந்தவர் ஒருவரின் போட்டில் கொஞ்ச நேரம்தான் அப்படி ஓடிப் பார்த்தேன், பக்கத்தில் ஆழமான பலகை இறக்கினால் நிலைமை மாறவும் கூடும்.

மரம் வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிற காரணம் பராமரிப்பு. நான் மரத்தை எடுத்ததற்கும் அதே பராமரிப்புதான் காரணம்.

வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கினால் இந்தப் பக்கம் கடல் குழம்பிவிடும், பாய் கட்டிய சின்ன வள்ளம் தை கழியும் வரை கரையில்தான். மழை விட்டு மாசி, பங்குனி வெயில் ஏறும்போது மரம் காய்ந்து சுருங்கும், பலகைகளுக்கு நடுவே நீக்கல் விழும். அப்போது பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்து, பஞ்சோ சணலோ திரித்து நீக்கலுக்குள் இறுக்கி அடித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தால் மேலே மூட வேண்டும். கலப்பற்று என்கிற இந்த வேலை பொறுமையைக் கேட்கும். முடித்துத் தண்ணீரில் இறக்கினாலும் முதலில் ஒழுகத்தான் செய்யும், இறைத்துக்கொண்டே இருந்தால் பலகை ஊறிப் பருத்துத் தானாக அடைத்துக்கொள்ளும். புதிதாக வாங்குகிறவர்கள் இந்த ஒழுக்கைப் பார்த்துத்தான் பயந்து போகிறார்கள். பயப்படத் தேவையில்லை. இன்னொன்று, கரையில் கிடக்கும் அந்த மாதங்கள் மரத்துக்கு நல்லதும் செய்கின்றன. உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும் மரத்தைக் கப்பல் புழு உள்ளே உள்ளேயே குடைந்துவிடும், வெளியே ஊசித் துளைதான் தெரியும். நீண்ட நாள் தண்ணீரில்லாமல் காய்ந்தால் அது செத்துப்போகும்.

பைபருக்கு இந்த வருடாந்த வேலை இல்லை, உண்மை. ஆனால் அதன் நோய் உள்ளே இருக்கும். மேற்பூச்சு வெடித்த இடத்தால் தண்ணீர் ஊறி இழைகளுக்கு நடுவே தங்கும். பைபர் என்று சொன்னாலும் எஞ்சின் தொங்குகிற பின்பலகைக்குள் பெரும்பாலும் இருப்பது ஒட்டுப்பலகைதான். ஆணி போட்ட துளையால் ஈரம் போய் அது உக்கிக்கொண்டிருப்பது, எஞ்சின் ஆடத் தொடங்கும்வரை வெளியே தெரியாது. மரத்தில் கத்தி முனையால் குத்திப் பார்த்தால் உக்கல் தெரிந்துவிடும், அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றலாம். வளைந்த வேப்பங்கொப்பு கிடைத்தால், பலகைகளை உள்ளே தாங்குகிற விலா மரமான வங்குக்காலே செய்துவிடலாம். இரும்பு ஆணியை மட்டும் விட்டுவிடுங்கள், செப்பு ஆணி விலை கூடினாலும் உப்புக்குத் தாங்கும்.

ஒரு கவலை உண்டு. கலப்பற்றுத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. எங்கள் வள்ளத்தைப் பார்த்துத் தந்தவர் வயதானவர், அவரிடம் இளையவர்கள் யாரும் பழகவில்லை. மச்சானும் நானும் அவருக்குப் பக்கத்தில் இருந்து பழகிக்கொண்டு வருகிறோம், இன்னும் தனியாகச் செய்கிற அளவுக்கு வரவில்லை.

எரிபொருளையும் சொல்ல வேண்டும். இங்கே போட் எஞ்சின்கள் ஓடுவது மண்ணெண்ணெயில். 2022 ஆகஸ்டில் அது லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. அதற்கு முந்தைய மாதங்களில் காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தைப் பார்த்த வன்னிச் சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. காற்று விழுந்தால் உதவ எங்கள் வள்ளத்திலும் சின்ன எஞ்சின் ஒன்று இருக்கிறது, ஆனால் பயணம் அதை நம்பி இல்லை.

மரம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று கேட்பவர்கள் வல்வெட்டித்துறையை நினைத்துக்கொள்ளலாம். அங்கே 1930இல் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல் அன்னபூரணி அம்மாள். அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் அதை வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். நம்மூர் மாலுமிகள் அதை ஓட்டிப்போய் 1938இல் மசாசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். நாம் போவது கொக்கிளாய்க்கு.

சரி, யாருக்குப் பைபர்? வருடத்தில் சில நாள் மட்டும் கடலுக்குப் போய், மற்ற நாளெல்லாம் வவுனியாவிலோ கொழும்பிலோ இருப்பவர்களுக்கு அதுதான் சரி, பங்குனியில் வந்து நிற்க முடியாதவரிடம் மர வள்ளம் பாழாய்ப் போகும். மேற்குக் கரையில் நாச்சிக்குடா, விடத்தல்தீவுப் பக்கம் கடல் ஆழமில்லாதது, அங்கே எங்கள் வள்ளத்தை நான் ஓட்டியதில்லை, கீழே இறங்கிய ஏரா அங்கே தரை தட்டும் என்றே நினைக்கிறேன். அந்தக் கரைக்கு வாங்குபவர்கள் அங்கே வத்தை என்கிற படகு ஓட்டுகிறவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.