ஆட்டுக்கிடை போட்ட அனுபவம்: எருவுக்கு ஐந்துக்கு ஐந்து, வலைக்கு இரண்டு

மன்னார்குடிப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். 2023 பங்குனியில், ராமநாதபுரத்திலிருந்து மந்தையோடு வந்த ஒரு கீதாரியை (ஆட்டு மந்தைத் தலைவர்) வைத்துக் கிடை போட்டேன், அதாவது எருவுக்காக இரவில் ஆடுகளை வயலில் அடைத்து வைத்தேன். கூப்பிடலாமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்போதைய கணக்கு இதுதான்: முந்நூறு செம்மறி, ஆட்டுக்கு இரவுக்கு இரண்டு ரூபாய், ஆறு இரவு. மொத்தம் 3,600. ஆட்களுக்கு ராச்சோறு நம் பொறுப்பு. தினமும் ஆடுகளைச் சுற்றி அடைக்கும் வலையைப் பிடுங்கி அடுத்த துண்டில் அடிப்பார்கள். நடுச்சாமத்தில் கீதாரி எழுந்து, படுத்திருக்கும் ஆடுகளை ஒருமுறை கிளப்பிவிடுவார். எழுந்ததும் எல்லாம் மூத்திரம் பெய்யும். "இதுதான் தம்பி யூரியா" என்றார். மறுநாளே உழுது மூடிவிட வேண்டும், காயவிட்டால் சத்து போய்விடும். அதன்பின் பம்புசெட்டில் நட்ட குறுவை நெல்லுக்கு நான் அடியுரமே போடவில்லை. தூர் கட்டியதில் குறையில்லை. ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

குறை வலையில்தான். நான்காம் இரவு வலை கட்டிய ஒரு முளை சாய்ந்து, நாற்பது ஆடு பக்கத்து உளுந்தில் இறங்கிவிட்டது. பூவும் பிஞ்சுமாக நின்ற உளுந்து. விடிவதற்குள் வயல்காரர் ஒரு கிடாயைப் பிடித்து மோட்டார் கொட்டகையில் கட்டிவிட்டார். பத்தாயிரம் வைத்தால்தான் அவிழ்ப்பாராம்.

அவர் கோபத்தில் தப்பில்லை. ஆனால் பங்குனி நடுவில் உளுந்து பச்சையாக நிற்பதே வழக்கமில்லை. தையில், அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே சம்பாவுக்குள் தெளித்துவிடுவோம். கிடை வரும் நேரத்தில் பிடுங்குகிற பக்குவத்தில் இருக்கும். அந்த வருடம் பிப்ரவரி தொடக்கத்தில் பெய்யக்கூடாத மழை பெய்து, முற்றிய நெல் சாய்ந்துவிட்டது. டயர் வைத்த அறுவடை வண்டி ஈர வயலில் இறங்கவில்லை, பெல்ட் வைத்த வண்டிக்கோ காத்துக் கிடந்தோம். உளுந்து ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. கீதாரி தள்ளி வர முடியுமா? அவர் ஊரில் கண்மாய் வற்றிய பிறகு ஆட்டுக்கு என்ன காட்டுவார்?

அதனால் கூப்பிடுகிறவர்கள் பழைய தேதியை நம்பாதீர்கள். பக்கத்து வயல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் போன் போடுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

ஊரில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசி, மூவாயிரம் பணமும், உளுந்து பிடுங்கியபின் அதே வயலில் மூன்று இரவு சும்மா கிடையும் என்று முடித்தார்கள். சித்திரை கடைசியில் கீதாரி சொன்னபடி வந்தார். வயல்காரர் கிடையை வாங்கிக்கொண்டார், ராச்சோறு மட்டும் போடவில்லை. மூன்று நாளும் அது என் வீட்டிலிருந்துதான் போயிற்று.