கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் சைடு காலேஜ் சார் ஃபுட்பால் கோச்சிங், மூணு மாசம் பையன அனுப்பின அனுபவம்

போர்டு கிடையாது, இன்ஸ்டா பேஜ் கிடையாது. கடற்கரை ரோட்டுல காலைல ஆறு மணிக்கு விசில் சத்தம் கேக்குற கிரவுண்டுதான். யார்ட்ட கேட்டாலும் "காலேஜ் சாரா?"ன்னு கை காட்டுவாங்க.

நாங்க மார்த்தாண்டம் பக்கம், அஞ்சேகாலுக்கே பைக்க எடுக்கணும். இவ்வளவு தூரம் எதுக்குன்னு வீட்டுல சண்ட. ஆனா ஃபுட்பாலுன்னா இந்த கரைதான். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இங்கருந்து போயி சென்னை சிட்டி கிளப்புல ஆடி, அப்புறம் 2019-20ல ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கப்படிச்ச கொல்கத்தா ஏடிகே டீம்ல இருந்தவரு. என் பையனும் அதே மாதிரி விங்ல பறக்கணும்னுதான் வந்தான், சார் பத்து நிமிஷம் பாத்துட்டு "நீ கீப்பர் நில்லு டே"ன்னுட்டாரு. வீடு வர்ற வரைக்கும் ஒரே அழுக.

சார் ஒரு சின்ன காலேஜ்ல கிட்டத்தட்ட முப்பது வருஷம் பி.டி. வாத்தியாரா (வெளையாட்டு சொல்லிக்குடுக்குறவரு) இருந்து ரிட்டயர் ஆனவரு. சின்ன காலேஜ்னா ஸ்போர்ட்ஸுக்கு ஒத்த ஆளுதான, ஃபுட்பாலும் அவரே பேஸ்பாலும் அவரே. பேஸ்பாலான்னு நானும் சிரிச்சேன். ஃபுட்பால் டீம்லருந்தே ஒம்போது பேர புடிச்சு கையில க்ளவ மாட்டிவிட்டு இன்டர்காலேஜ் மேட்சுக்கு திருநெல்வேலிக்கு பஸ் ஏத்திருவாராம். எல்லாம் கடக்கர பசங்க, வல வீசுற தோளு, த்ரோ தானா வரும்னு சொல்லுகாரு. ஆனா இடதுகைக்காரன் ஒருத்தன் வந்துட்டா சங்கடம், அவனுக்கு வலது கையில மாட்டுற க்ளவ் வேணும், அத வாங்க காலேஜ்ல பைசா கிடையாது. ஹோம் பிளேட்டு, அதான் பேட்டடிக்கிறவன் பக்கத்துல நிக்குற தட்டு, லாரி டியூப அஞ்சு மூலையா வெட்டுனது. ரன் எடுக்க ஓடித் தொடுற எடந்தான் பேஸ், பேஸுக்கு பேஸ் 90 அடி அளக்க வலக்கயித்துல முடிச்சு போட்டு வச்சிருந்தாரு, அந்த கயிறு இப்பவும் கைவசம் இருக்கு, அதுலதான் 24 அடி அளந்து கோலுக்கு கம்பு நடுகாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். இங்க கடக்காத்துல பந்து மேல போச்சுன்னா எங்க எறங்கும்னு சொல்ல முடியாது, கீப்பர் பையங்க முன்னால ஓடி வந்துருவானுவ, பந்து தலைக்கு மேல போயி உள்ள விழுந்துரும். சார் மொதல் ரெண்டு வாரம் ஃபுட்பாலே குடுக்கல, டென்னிஸ் பந்த பேட்டால மேல தூக்கி அடிச்சு புடிக்க சொன்னாரு. ஒரே ரூல்தான், பந்து ஒசர போனா மொதல் காலு பின்னால போணும். முன்னால ஓடி வர்றது லேசு மக்கா, முன்னால வந்துட்டு திரும்ப பின்னால ஓடுறவன்தான் கோட்ட விடுவான்னு கத்திட்டே இருப்பாரு. இது பேஸ்பால்ல அவுட்ஃபீல்டருக்கு, அதான் தூரத்துல நின்னு பந்து புடிக்குறவனுக்கு, சொல்லிக்குடுக்குற பாடமாம். மூணாவது மாசம் ஒரு மேட்சுல என் பையன் நாலெட்டு பின்னால போயி, போஸ்ட்டுக்கு கீழ எறங்குன பந்த ரெண்டு கையாலயும் அள்ளுனான், எனக்கு கண்ணு நெறஞ்சு போச்சு, சும்மா சொல்லல.

கொறையும் சொல்லணும்ல. பாத்ரூம் இல்ல. மழ பேஞ்சா கிரவுண்டு கொளம், லீவுன்னு மெசேஜ்கூட போடமாட்டாரு, நாங்க ரெண்டு தடவ சும்மா போயிட்டு வந்தோம். சர்ட்டிஃபிகேட் கேட்டா மொறைக்காரு. திட்டு வேற கொஞ்சம் ஓவர், பத்து வயசுக்கு கீழ உள்ள பிள்ளேள அனுப்பாதீங்க, பயந்துரும்.

ஃபீஸ் மாசம் 500. அப்பா ஆழ்கடலுக்கு போயிருந்தா போட்டு கர வந்தப்புறம் குடுத்தா போதும், கேக்கவே மாட்டாரு. ஷின் கார்டு, கீப்பர் க்ளவ் நம்மதான் வாங்கணும். நான் நாகர்கோவில்ல ஒரு கடைல 850 குடுத்து வாங்குன க்ளவ் ரெண்டாவது வாரமே உள்ளங்கை உரிஞ்சு வந்துட்டு, சார்தான் சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டிக்குடுத்தாரு, இன்னைக்கும் அதான் ஓடுது.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஒண்ண கொறச்சது அந்த மழ லீவுக்கு. ஞாயித்துக்கெழம பூசை, கோச்சிங் கெடையாது. காத்து கெடக்குற அப்பாமாருக்கு எதுத்தாப்புல ஒரு சாயாக்கட இருக்கு, பழபஜ்ஜி கொள்ளாம், ஆனா ஏழரைக்கெல்லாம் தீந்துரும், போன ஒடனே சொல்லி வச்சிருங்க.