தோற்ற ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்க லிசெஸ்

போட்டியில் தோற்ற ஆட்டத்தைப் பிள்ளையோடு இருந்து பார்ப்பதற்கு லிசெஸ் என்ற சதுரங்கத் தளத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 2010இல் தொடங்கியது, இன்றும் நன்கொடையில் ஓடுகிறது. காசும் இல்லை, விளம்பரமும் இல்லை.

கொக்குவிலில் இருக்கும் என் பெறாமகள் கறுப்புக்குப் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்கத்தைத்தான் ஆடுவாள். அண்மையில் யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு போட்டியில் அதிலேயே ராணியைப் பறிகொடுத்துவிட்டு வந்தாள். நல்ல காலம், நகர்வுகள் எழுதிய தாள் கையில் இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட்டோம் (காயின் பெயர் இல்லாதவை சிப்பாய் நகர்வுகள்): ஈ4 ஈ6, டி4 டி5, ஈ5 சி5, சி3 குதிரை சி6, குதிரை எஃப்3 ராணி பி6, பிஷப் டி3. அப்புறம் டி4இல் சிப்பாய்கள் வெட்டுப்பட்டன. அங்கே நிற்கும் வெள்ளைச் சிப்பாய் சும்மா கிடைப்பதுபோல் தெரியும். இவள் குதிரையால் வெட்ட, வெள்ளைக் குதிரை திருப்பி வெட்ட, இவள் ராணியால் வெட்ட, பிஷப் பி5இல் செக்! பிஷப் விலகியதும் டி1 ராணிக்கு வழி திறந்துவிடுகிறது. செக்கைக் கவனிப்பதா, ராணியைக் காப்பாற்றுவதா?

இவள் குதிரையால் வெட்டுவதற்கு முந்தைய நிலையில், மற்றவர்கள் என்ன ஆடினார்கள் என்று காட்டும் ஓப்பனிங் எக்ஸ்புளோரரைத் திறந்தோம். மாஸ்டர்கள் பகுதியில் முதலில் நின்றது பிஷப் டி7. பி5இல் இருந்து வரும் செக் அதோடு சரி. ஆனால் ஏன் அந்த நகர்வு என்று எக்ஸ்புளோரர் சொல்லாது. எத்தனை பேர் ஆடினார்கள், யார் வென்றார்கள் என்ற கணக்குத்தான் தரும். பக்கத்தில் ஒருவர் இருந்து விளக்க வேண்டும்.

"சித்தி, எனக்கு இனிப் பிரெஞ்சு வேண்டாம்" என்றாள். 2024 உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தைக் காட்டினேன். டிங் லிரென் கறுப்பில் பிரெஞ்சு ஆடித்தான் நம்ம குகேஷை வென்றார். அது ஸ்டைனிட்ஸ் வழி, வேறு கிளை. இருந்தாலும் அவள் முகம் தெளிந்துவிட்டது.

போனில் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: நகர்வுகளை ஆராயும் ஸ்டாக்ஃபிஷ் என்ற மென்பொருளை அதிலேயே ஓடவிட்டால் போன் சூடாகும், பற்றரி இறங்கும். ஆட்டத்தை லிசெஸ் சர்வரில் ஆய்வுக்குக் கொடுங்கள், போதும். எக்ஸ்புளோரர் அட்டவணையும் சின்னத் திரையில் நெருக்கமாகத்தான் இருக்கிறது. லேப்டாப் இருந்தால் அதில் பாருங்கள்.

ஸ்டடி என்ற பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டத்தைப் போட்டு, ஒவ்வொரு நகர்வுக்கும் கீழே தமிழிலேயே குறிப்பு எழுதலாம். அதை மட்டும் பிரைவேட்டாக வையுங்கள். பொதுவில் விட்டால், அடுத்த போட்டிக்குப் பிள்ளை என்ன தயார்செய்கிறாள் என்று எதிரே இருக்கப்போகிறவரும் பார்த்துவிடலாம்.